தேத்தண்ணியில் விழுங்கிய குளிசை

தோட்டத்துப் பெண்ணிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது வீண். "நல்லா இருக்கேன் மிஸ்ஸி" என்பார். காய்ச்சல் 102 அடிக்கும்போதும் அதே பதில்தான். இலங்கை மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை பார்த்த காலத்தில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கப் பழகினேன்: "கொழுந்து நிறுத்துட்டு கூடையை இறக்கி வச்சதும் கை முதல்ல எங்க போகுது?"

வாய் பதில் தேடுவதற்குள் கை போய்விடும். சிலருக்குப் பிடரிக்கு, சிலருக்கு இடுப்புக்கு, வயதானவர்களுக்கு முழங்காலுக்கு. நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளிப் பெருவிரலின் அடிப்பகுதி வீங்கியவர்கள் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சிலருக்குக் கை அடிவயிற்றை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றுவிடும். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கண் சுற்றிப் பார்க்கும். அவர்களைத்தான் நான் பிறகு தனியாகத் தேடிப் போவேன்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து எடுத்தவர், அம்மாயியும் அப்படியே. உயர்தரம் படித்து, மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து, சீருடையோடு தோட்டத்துக்கே திரும்பியபோது, இந்தப் பெண்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது என்ற நினைப்போடுதான் வந்தேன். உடம்பைப் பற்றிய கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கணக்கை எழுதியவர்கள்தான் வேறு ஆட்கள்.

காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் பேர் எழுதுவார்கள். மலையில் கொழுந்தை மூன்று தடவை நிறுப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் 16, 18, சில இடத்தில் 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி, விழும், இல்லாவிட்டால் அரைப்பேர். மழை நாளில் இலையில் தண்ணி இருக்கிறதென்று ஒரு கழிவு, முற்றிய இலை இருக்கிறதென்று இன்னொரு கழிவு. அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தாள், எத்தனை கழித்தார்கள் என்று எந்தப் பெண்ணும் தூக்கத்திலும் சொல்வாள். தன் நிறை எவ்வளவென்று கேட்டால் சிரிப்பாள். கிளினிக்கில் ஒரு அக்காவைத் தராசில் ஏறச் சொன்னேன். ஏறி நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார்: "தண்ணிக்கு எவ்வளவு மிஸ்ஸி கழிக்கப் போறீங்க?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தராசு 39 கிலோ காட்டியது. தன் நிறையில் பாதிக்குக் கிட்டப் பறித்துச் சுமக்கிற உடம்பு அது.

இந்தக் கணக்குக்கு வயது அதிகம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து கோப்பிக் காலத்திலேயே எங்கள் ஆட்கள் மன்னார் வழியாக நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். அடுத்த சில வருடங்களில் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, மலை முழுக்கத் தேயிலையானது. தோட்டத்து ஆட்களின் வைத்தியத்துக்கென்று 1912இல் சட்டம் வந்தது. 1916இல் ரொக்கஃபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழுவை ஒழிக்க இறங்கியபோது தோட்டங்களிலும் வேலை செய்தது. கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக ஏறிக் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். இரத்தம் குறைந்த ஆளால் மலை ஏற முடியாது. மலை ஏறாத ஆளால் துரைக்கு என்ன இலாபம்? நல்ல வேலைதான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் உடம்பை முதன்முதலில் அக்கறையாகப் பார்த்த கண்ணும் கூலிக் கணக்குப் பார்த்த கண்தான்.

அந்த இரத்தக் குறைவு இன்னும் போகவில்லை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. எங்கள் கிளினிக்கில் 9, 8 என்பதெல்லாம் அபூர்வமில்லை. இரும்புச்சத்துக் குளிசை இலவசம், மாதா மாதம் எண்ணிக் கொடுப்போம். எண்ணிக்கை சரியாகத் தீரும், இரத்தம் மட்டும் ஏறாது. குளிசையை வாங்கி அடுப்பில் போடுகிறார்கள் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அப்படிப் போட்டவர்களும் உண்டு. குளிசையை விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகும், இறுகும், குமட்டும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்தியவர்கள் அவர்கள். ஆனால் எல்லாரும் அப்படியில்லை. விடியற்காலையில் ஒரு லயத்துக்குப் போய்க் குந்தியிருந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அடுப்பில் கோதுமை ரொட்டி, அம்மியில் சம்பல், பெரிய கோப்பையில் வெறுந்தேத்தண்ணி. அந்தப் பெண் ரொட்டியைத் தின்று முடித்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசையை எடுத்து, சுடச்சுடச் சாயத்திலேயே விழுங்கினாள்.

தேயிலையில் இருக்கும் தனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. தானியத்திலும் கீரையிலும் கிடைக்கிற இரும்புக்கும் அதே கதிதான். நாங்கள் பறித்து உலகத்துக்குக் கொடுத்த இலை, எங்கள் இரத்தத்தைச் சாப்பாட்டுத் தட்டிலேயே மறித்துக்கொண்டிருந்தது.

சரி, தேத்தண்ணியை விடுங்கள் என்று சொல்லலாமா? சொன்னால் என்னை லயத்துக்குள் விடமாட்டார்கள். மார்கழிக் குளிரில் உடம்பைச் சூடாக்குவது அது, பசியை அடக்குவது அது. பால்மா வாங்கக் காசில்லாத வீட்டில் பிள்ளைக்கு ஊற்றுவதும் அதுதான். ஆகவே நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். காலையில் எழுந்ததும் ஒரு கோப்பை, குடித்துக்கொள்ளுங்கள். ரொட்டியோடு வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும், முதல் நிறுவைக்குப் பிறகு போத்தலில் கொண்டுபோனதைக் குடியுங்கள். குளிசை இரவில், தண்ணியோடு. வீட்டில் தேசிக்காய் இருந்தால் பாதி பிழிந்துகொள்ளுங்கள், கொய்யா இருந்தால் ஒன்று கடியுங்கள். அது இரும்பை உள்ளே கூட்டிப் போகும். குமட்டினாலும் இரவில் தூங்கிவிடலாம்.

கேட்க லேசாக இருக்கிறது. செய்ய லேசில்லை. இரவுச் சாப்பாட்டில் எல்லாருக்கும் பரிமாறி, மிச்சத்தை அடுப்படியில் நின்றபடி கடைசியாகத் தின்கிறவள் அவள்தான். அதனால் அந்த வீட்டு ஆம்பிளைகளிடம் பேச வேண்டியிருந்தது. "இரவில தண்ணியும் குளிசையும் நீங்க எடுத்துக் குடுங்க அண்ணே" என்பேன். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், சிலர் செய்தார்கள். ஒரு மாமியார் மட்டும், "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்றார். அவர் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கியது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவரே சொன்னார். பிறகு மருமகளுக்குக் குளிசை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். எல்லாருக்கும் இரத்தம் ஏறிவிட்டது என்று சொல்லமாட்டேன். 8இல் நின்றவள் 10க்கு வந்தால் அந்த வாரம் எனக்கு நடையே வேறு மாதிரி இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். முட்டை, மீன், பழம் என்று பட்டியல் படிப்பார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அடுத்த வருடமே நாடு நொடித்துக் கோதுமை மா விலை ஏறியது. லயங்களில் ரொட்டி மெலிந்தது. 2016இல் எடுத்த தேசிய அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்கப் பார்த்தால் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். அந்தப் பிள்ளைகளை "நம்ம சாதி சனமே குள்ளந்தானே" என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பிறவியிலேயே குள்ளமான சனம் என்று ஒன்றுமில்லை. தாயின் வயிற்றில் தொடங்கிய பட்டினி அது. நெத்தலிக் கருவாடு, பருப்பு, கடலை, லயத்துக் கோடியில் போட்ட வல்லாரை, கிளினிக்கில் தருகிற சத்துமாவான திரிபோஷா என்று கைக்கு எட்டுவதைத்தான் நான் சொன்னேன். திரிபோஷா தாய்க்கென்று தருவது. அதை வீட்டில் எல்லாருக்கும் உருட்டிக் கொடுத்துவிட்டுத் தாய் விரலை நக்குவாள். அதற்கு அவளைத் திட்டவும் மனம் வராது.

அடுத்தது தண்ணி. குளிர் நாட்டில் தாகம் தெரியாது. தெரிந்தாலும் குடிக்கமாட்டார்கள். காலை பிரட்டுக்குப் போனால் மாலை லயத்துக்கு வரும்வரை ஒதுங்க இடமில்லை. மேலே கங்காணி, கீழே ரோட்டில் லொறி, பக்கத்து நிரையில் ஆம்பிளை ஆள். ஒதுங்கப் போகும் நேரத்துக்குக் கொழுந்தும் குறையும். அதனால் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பெரிய மனுஷியான நாளிலிருந்து அடக்கி அடக்கி, சிறுநீர் வருகிறதென்று உடம்பு சொல்வதே கேட்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல். "சூடு மிஸ்ஸி" என்பார்கள். கர்ப்பிணிக்கு அந்தக் கிருமி மேலேறினால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோகும்.

நான் சொன்ன வழியில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேராகப் போங்கள், ஒருத்தி இடுப்பில் கட்டியிருக்கிற படங்கை அவிழ்த்து விரித்துப் பிடிக்கட்டும், மற்றவள் போகட்டும். ஆளுக்கு ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணி கொண்டுபோங்கள், மத்தியான நிறுவைக்குள் பாதியைக் குடித்து முடியுங்கள். மாதவிலக்கு நாளில் துணி மாற்றவும் இதே ஏற்பாடுதான். இப்போது சில தோட்டங்களில் மலைக்குள்ளேயே சிறு கழிப்பறையும் உட்கார்ந்து சாப்பிட ஒரு கொட்டிலும் கட்டியிருக்கிறார்கள். பல மலைகளில் இன்னும் இல்லை. படங்கு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த நானே, அது இல்லாமல் செய்ய வேண்டும் என்று தோட்டக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டும் இருந்தேன். அப்படிக் கேட்கும்போது ஆம்பிளைத் தலைவர்கள் தரையைப் பார்ப்பார்கள். சம்பளத்தைப் பற்றி முழங்குகிறவர்களுக்கு மூத்திரத்தைப் பற்றிப் பேச நா எழும்பாது.

இனி, அடிவயிற்றுக்குப் போகிற கை. கர்ப்பப்பை இறக்கம் என்பது தோட்டத்தில் பரவலாக இருந்தும் யாரும் பேசாத நோய். அடுத்தடுத்துப் பிரசவம், உடம்பு தேறுமுன் சுமை, செங்குத்தான மலை. இவற்றால் கர்ப்பப்பையைத் தாங்குகிற தசைகள் தளர்ந்துவிடும். 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு 42 நாள்தான், முதல் இரண்டுக்குத்தான் 84. அதிகம் தேற வேண்டிய உடம்புக்குக் குறைந்த லீவு! யார் யோசித்த கணக்கோ. சில பெண்கள் வருடக்கணக்காகத் துணியை மடித்து வைத்துத் தாங்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்கள், புருஷனுக்கும் தெரியாமல். ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னது: "அது கீழ வர்றப்ப உள்ள தள்ளி விட்டுக்குவேன் மிஸ்ஸி. பழகிப்போச்சு." கூடைக்கயிறு நழுவினால் சரிசெய்துகொள்வதைச் சொல்கிற அதே குரல்.

அவரைச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிப் போக நான் பட்ட பாடு சின்னதல்ல. அந்தக் கிளினிக் 1996இலிருந்து நாடெங்கும் நடக்கிறது. 35 வயதானால் வந்து கர்ப்பப்பைக் கழுத்து, மார்பு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது வேலை நாளில் நடக்கும், போனால் பேர் போகும். ஒன்றும் வலிக்காதபோது எதற்குப் பேரை இழப்பது என்பது நியாயமான கேள்விதான். நான் கணக்கப்பிள்ளையிடம் பேசி, ஒரே நாளில் பத்துப் பேராகத் திரட்டி, மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி அரைப்பேருக்குச் சம்மதம் வாங்குவேன். கூட்டமாகப் போனால் வெட்கமும் குறையும். பெரியம்மாவுக்கு முதலில் கர்ப்பப்பையைத் தாங்கும் வளையம் வைத்தார்கள். பிறகு டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு சிகிச்சைக்கு எழுதினார்கள். 2017இல் இந்திய உதவியோடு 150 கட்டிலுடன் திறந்த ஆஸ்பத்திரி அது, மோடி வந்து திறந்தார். அதற்கு முன்பென்றால் இப்படியொன்றுக்குக் கண்டி வரை போக நேர்ந்திருக்கலாம். கண்டி என்றால் முழு நாள், பஸ் காசு, துணைக்கு ஒரு ஆள். பெரியம்மா நிச்சயம் போயிருக்கமாட்டார்.

இளையவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். சிறுநீரை அடக்குகிறபோது உள்ளே எந்தத் தசை இறுகுகிறதோ அதை மட்டும் இறுக்கி, ஐந்து எண்ணிப் பிறகு விட வேண்டும். வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்கக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யவும் வேண்டாம். பாயில் படுத்துச் செய்ய எவளுக்கு நேரம்? கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற நேரத்தில் செய்யச் சொன்னேன். நின்றபடி செய்யலாம், யாருக்கும் தெரியாது. மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக்கொண்டிருக்க, பத்துப் பெண்கள் முகத்தில் எதையும் காட்டாமல் அதைச் செய்துகொண்டிருப்பார்கள். எங்களுக்குள் அது ஒரு கள்ளச் சிரிப்பாகவே ஆனது. அங்கேயே கழுத்துக்கும் ஒன்று சொல்வேன். கயிறு அழுத்துகிற இடத்தில் துண்டை மடித்து வையுங்கள், இறக்கியதும் தாடையைப் பின்னுக்கு இழுத்துத் தோளைச் சுழற்றுங்கள். நுவரெலியா ஹோட்டல்களில் வெளிநாட்டவர் இதே கழுத்து வலிக்குத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி மசாஜுக்குப் படுத்திருப்பார்கள். அங்கே ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுக்கிற காசு எங்களுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

இப்போதைய பெண் பிள்ளைகளின் கதை வேறு. கொழும்பில் கடை, கார்மென்ட், சிலர் வெளிநாடு. லீவுக்கு வரும்போது முகத்துக்குப் பூசுகிற வெள்ளைக் கிரீமோடு வருகிறார்கள். ஹட்டன் டவுனில் பெயரும் கொம்பனியும் எழுதாத சின்ன டப்பாவிலும் விற்கிறது. சில கிரீமில் பாதரசம் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொன்னால், "எல்லாரும் பூசுறாங்க மிஸ்ஸி" என்பார்கள். 40 கிலோ இல்லாத பெண் ஒருத்தி, மெலிவதற்காக இரவுச் சாப்பாட்டை விட்டிருந்தாள். அவளுடைய தாய் கிடைக்காமல் விட்ட சாப்பாடு அது. தாயின் உடம்பைத் துரையின் தராசு அளந்தது, மகளின் உடம்பை ஃபோன் அளக்கிறது. அவளிடம் அழகைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. இரத்தம் பார்க்கக் கூட்டிப் போனேன். 9.2. மாடி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறதென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். கிரீமை விடவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஷர் பார்க்கச் சிலர் வீட்டுக்கு வருவார்கள். வருகிறவர்களின் வாயைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இல்லாமல் எங்கள் ஆட்களில் பலர் மலை ஏறமாட்டார்கள். அது பசியையும் குளிரையும் தள்ளிப்போடும், நிரையில் பக்கத்தில் நிற்பவளோடு பேச ஒரு சாக்கும் ஆகும். அதுவேதான் வாய்ப்புற்றைக் கொண்டுவருகிறது. இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுகளில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. எங்கள் பெண்களும் தப்பவில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்பு போல விரியாத வாய். இதில் எதைக் கண்டாலும் வைத்தியரிடம் போகச் சொல்வேன். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் பிந்திப்போகிறார்கள்.

பக்கத்து லயத்து அம்மாயி ஒருவர் போன மாதம் வந்து, புகையிலையை விட்டுவிட்டதாக வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே சுத்தம். பாராட்டினேன்.

"அப்ப வெத்தலையும் பாக்கும் போட்டுக்கலாந்தானே?"

"புகையிலை இல்லாட்டியும் பாக்கே புற்றைக் கொண்டுவரும் அம்மாயி. அதையும் விடணும்."

"வெத்தலை மட்டும்?"

"வெத்தலையை மட்டும் மெல்லுங்க, தடுக்கமாட்டேன்."

"பாக்கு இல்லாத வெத்தலை ஆடு மேயறதாச்சே மிஸ்ஸி!" என்று கோபித்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வந்தார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போட்டதை மூன்றாகக் குறைத்திருக்கிறாராம். மூன்றும் வேண்டாம் என்றேன். ஒன்று என்று இறங்கி வந்தார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.